ராம்ஸ் தோற்றது லயன்ஸுக்கு லாபமா, நட்டமா? பிளேஆஃபும் டிராஃப்டும்: ஓர் எளிய விளக்கம்

2023 ஜனவரி 8, ஞாயிறு மாலை. டெட்ராய்ட் லயன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகனான நான் அன்று தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது லயன்ஸ் ஆட்டத்தை அல்ல. நாட்டின் மறுகோடியில், சியாட்டிலில், சீஹாக்ஸும் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸும் மோதிக்கொண்டிருந்தன. கூடுதல் நேரத்தில் சீஹாக்ஸ் ஒரு ஃபீல்டு கோலை உதைத்து 19-16 என்று ஜெயித்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அரை நிமிடம் கழித்து, "சரி, ஆறாவது இடமாவது கைக்கு வந்ததே" என்று முணுமுணுத்தேன்.

ஊரிலிருந்து வந்திருந்த மைத்துனன் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன அத்தான் இது? உங்கள் அணி இன்னும் மைதானத்திலேயே இறங்கவில்லை. யாரோ யாரையோ ஜெயித்ததற்கு முதலில் துக்கம், அப்புறம் சந்தோஷம். எதற்கு எது?"

நியாயமான கேள்வி. அன்று நான் சொன்ன பதில் அவனை இன்னும் குழப்பியதுதான் மிச்சம். அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. ஒன்று, "டிராஃப்ட், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது, நம் ஐபிஎல் ஏலம் மாதிரிதான்." இன்னொன்று, "கடைசி இடம் வந்தால் முதல் ஆள் கிடைப்பான், அதனால் வேண்டுமென்றே தோற்பார்கள்." முதலாவது தவறு. இரண்டாவதில் பாதி சரி. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டுதான் பலரும் வழி தவறுகிறார்கள். மைத்துனனுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

ஆட்டத்தின் விதிகள் இங்கே தேவையில்லை. பெயர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில் இருக்கும், அதை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக். இவ்வளவு தெரிந்தால் போதும்.

பிளேஆஃப்: மாவட்டத்தில் முதல் பரிசு

பள்ளி ஓட்டப்பந்தயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாவட்டத்தில் நூறு மீட்டரை 12 நொடியில் ஓடியவன் முதல். பக்கத்து மாவட்டத்தில் 11.8 நொடியில் ஓடியவன் மூன்றாவது. மாநிலப் போட்டிக்கு மாவட்டத்துக்கு ஒருவர்தான் என்றால் மெதுவாக ஓடியவன் போவான், வேகமாக ஓடியவன் வீட்டில் இருப்பான்.

தேசிய கால்பந்து லீக், அதாவது என்எஃப்எல், இந்த மாவட்ட முறையில்தான் இயங்குகிறது. மொத்தம் 32 அணிகள். அவற்றை ஏஎஃப்சி, என்எஃப்சி என்று 16 அணிகள் கொண்ட இரண்டு பாதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாதிக்கும் கான்ஃபரன்ஸ் என்று பெயர். ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் நான்கு நான்கு அணிகளாக நான்கு டிவிஷன்கள். டிவிஷன்தான் நம் மாவட்டம். 2021 முதல் ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 17 ஆட்டங்கள் ஆடுகிறது.

பருவம் முடிந்ததும் நடக்கும் நாக்அவுட் சுற்றுகள்தான் பிளேஆஃப். கான்ஃபரன்ஸுக்கு ஏழு இடங்கள். நான்கு டிவிஷன்களிலும் முதலிடம் பெற்ற அணிகளுக்கு நான்கு. மீதி மூன்று இடங்கள், டிவிஷனை வெல்லாத அணிகளில் சிறந்த மூன்றுக்கு. இதற்கு வைல்டு கார்டு என்று பெயர். ஏழுக்கும் ஒன்று முதல் ஏழு வரை எண் கொடுக்கிறார்கள். அந்த எண்தான் சீடு. முதல் நான்கு எண்களும் டிவிஷன் வென்றவர்களுக்கே. முதல் சீடு பெற்ற அணி முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போய்விடும். ஒரு தோல்வி, ஆட்டம் முடிந்தது. ஐபிஎல்லில் முதலிரண்டு இடங்களுக்குக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பெல்லாம் இங்கே கிடையாது.

மாவட்ட முறையின் கோளாறு 2022 பருவத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. என்எஃப்சி தெற்கு டிவிஷனில் டாம்பா பே பக்கனீர்ஸ் எட்டு ஆட்டங்களில் ஜெயித்து ஒன்பதில் தோற்றது. இதை 8-9 என்று எழுதுவார்கள். அந்த டிவிஷனில் மற்றவர்கள் அதைவிட மோசம் என்பதால் பக்கனீர்ஸுக்கு முதலிடம், பிளேஆஃபில் சொந்த மைதானத்தில் ஆட்டம். அதே கான்ஃபரன்ஸில் 9-8 என்று முடித்த எங்கள் லயன்ஸ் வெளியே. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது. ஆனால் விதி எல்லாருக்கும் முன்பே தெரிந்த விதிதான்.

அக்டோபரில் விட்டது ஜனவரியில் வந்து நின்றது

அந்த 9-8 ஏன் போதவில்லை? சியாட்டில் சீஹாக்ஸும் அதே 9-8. வைல்டு கார்டு இடம் ஒன்றுதான் மிச்சம்.

வெற்றி எண்ணிக்கை சமமானால் யார் முன்னே என்று தீர்மானிக்கும் விதிக்கு டை-பிரேக்கர் என்று பெயர். நம் ரசிகர்களுக்கு நிகர ரன் விகிதம் பழக்கம். 2024 மே 18 அன்று பெங்களூருவில் சென்னை சூப்பர் கிங்ஸ் 219 ரன்னைத் துரத்தியபோது, ஜெயிக்காவிட்டாலும் 201 எடுத்தால் போதும் என்று நாடே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தது. 191-இல் நின்றது, கதை முடிந்தது. என்எஃப்எல்லில் எத்தனை புள்ளி வித்தியாசம் என்பதெல்லாம் பட்டியலின் அடியில் எங்கோ வரும் விஷயம். இரண்டு அணிகள் சமமானால் முதல் கேள்வி: இருவரும் நேருக்கு நேர் மோதினார்களா, மோதியிருந்தால் ஜெயித்தது யார்?

மோதியிருந்தார்கள். 2022 அக்டோபர் 2, டெட்ராய்ட்டில். சீஹாக்ஸ் 48, லயன்ஸ் 45. நாற்பத்தைந்து புள்ளி எடுத்தும் தோற்ற அந்த மதியத்தை, பருவத்தின் நான்காவது வாரம்தானே என்று அப்போது நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஆட்டம்தான் மூன்று மாதம் கழித்துக் கதவைச் சாத்தியது. ஜனவரி 8 அன்று ராம்ஸ் சியாட்டிலை ஜெயித்திருந்தால் சீஹாக்ஸ் 8-9 ஆகியிருக்கும். அன்றிரவு கிரீன் பே பேக்கர்ஸை வென்றால் லயன்ஸ் உள்ளே. ராம்ஸ் தோற்றது. லயன்ஸ் களத்தில் இறங்கும் முன்பே வெளியே. என் முதல் அரை நிமிடத் துக்கத்துக்கு அதுதான் காரணம்.

ஆக இதுவரை: பிளேஆஃபுக்குப் போக மொத்தப் பட்டியலில் மேலே இருப்பது போதாது, உங்கள் டிவிஷனில் மேலே இருக்க வேண்டும். அது இல்லையென்றால் வைல்டு கார்டு. அங்கே சமநிலை வந்தால் பழைய நேரடி மோதல் பேசும். இந்தக் கணக்கில் பாதி மற்றவர்களின் ஆட்டத்தில் இருக்கிறது.

டிராஃப்ட்: படைக்குப் பிந்தியவன் பந்திக்கு முந்துகிறான்

இனி சந்தோஷத்தின் கதை.

ஏலத்தில் பணம் பேசும். ஒரு வீரருக்கு இரண்டு அணிகள் ஆசைப்பட்டால் அதிகம் கொடுப்பவருக்கு அவர். டிராஃப்டில் யாரும் விலை கூறுவதில்லை. பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கான கவுன்சலிங்தான் இதற்குச் சரியான ஒப்பீடு. ரேங்க் வரிசைப்படி பெயர் அழைப்பார்கள், முறை வந்தவர் மிச்சம் இருப்பதிலிருந்து தேர்ந்தெடுப்பார். இரண்டு மாற்றங்கள் மட்டும் செய்துகொள்ளுங்கள். இங்கே தேர்ந்தெடுப்பது மாணவர் அல்ல, "கல்லூரி", அதாவது அணி. அடுத்து, ரேங்க் பட்டியல் தலைகீழ். கடைசி இடம் பெற்ற அணியை முதலில் அழைப்பார்கள். "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்று நம் ஊரில் கேலியாகச் சொல்வதை ஒரு லீக் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறது.

ஆண்டுதோறும் ஏப்ரலில், கல்லூரி அணிகளில் ஆடித் தேறிய இளைஞர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் இப்படித் தேர்ந்தெடுக்கின்றன. ஒரு சுற்றில் ஓர் இடத்தில் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு பிக் என்று பெயர். தேர்வான இளைஞர் வேறு அணியோடு பேரம் பேச முடியாது.

முதல் 18 பிக்குகள் பிளேஆஃபுக்குப் போகாத 18 அணிகளுக்கு, மோசமான அணி முதலில் என்ற கணக்கில். அதற்குப் பின்னால் பிளேஆஃபில் தோற்ற வரிசை: முதல் சுற்றில் தோற்றவர்களுக்கு 19 முதல் 24, இரண்டாம் சுற்றில் தோற்றவர்களுக்கு 25 முதல் 28, கான்ஃபரன்ஸ் இறுதியில் தோற்றவர்களுக்கு 29, 30. இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் தோற்றவருக்கு 31, சாம்பியனுக்கு 32. ஒரே சுற்றில் தோற்றவர்களுக்குள்ளும் பருவத்தில் குறைவாக ஜெயித்தவருக்கே முதல் மரியாதை. வெற்றி எண்ணிக்கையும் சமமானால், சுலபமான எதிராளிகளைச் சந்தித்தும் அதே அளவுதான் ஜெயித்த அணி முன்னால் போகும். இங்கே பலவீனம்தான் தகுதி.

9-8 லயன்ஸுக்கு இதனால் 18-ஆவது பிக். 8-9 பக்கனீர்ஸ் பிளேஆஃபில் முதல் ஆட்டத்திலேயே டாலஸ் கவ்பாய்ஸிடம் 31-14 என்று தோற்று 19-ஆவது பிக்கைப் பெற்றது. எங்களைவிட ஓர் ஆட்டம் குறைவாக ஜெயித்தவர்கள் எங்களுக்கு ஓரிடம் பின்னால். என் கோபத்துக்குக் கிடைத்த ஆறுதல் அந்த ஓரிடம்தான்.

இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? சம்பளம். ஓர் அணி தன் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்துச் செலவிடக்கூடிய தொகைக்கு லீக் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2023-இல் அது 22.48 கோடி டாலர். டிராஃப்டில் வருபவரின் சம்பளம் எந்த எண்ணில் தேர்வானார் என்பதை ஒட்டி ஏறத்தாழ முன்பே தீர்மானமாகிவிடும், ஒப்பந்தம் நான்கு ஆண்டு. 2011-க்கு முன்பு அப்படி இல்லை. 2010-இல் முதல் பிக்கான சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதி செய்யப்பட்ட தொகை மட்டும் 5 கோடி டாலர். விதி மாறிய 2011-இல் முதல் பிக்கான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு மொத்தமே சுமார் 2.2 கோடி. ஒரு நல்ல இளைஞர் கிடைத்துவிட்டால் நான்கு ஆண்டு மலிவாக வேலை நடக்கும், மிச்சப் பணத்தில் அனுபவசாலிகளைச் சேர்க்கலாம்.

ரேஷன் வரிசையில் வைத்த கல்

ரேஷன் கடை வரிசையில் ஆளுக்குப் பதில் ஒரு கல்லையோ பையையோ வைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். இடம் கல்லுக்கு அல்ல, அதை வைத்தவருக்கு. என்எஃப்எல்லில் அந்தக் கல்லையே விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், அடுத்த ஆண்டு வைக்கப்போகும் கல்லைக்கூட இன்றே கொடுத்துவிடலாம். பிக் வர்த்தகம் இதுதான்.

2021 ஜனவரி இறுதியில் லயன்ஸ் தன் குவாட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை ராம்ஸுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. பதிலுக்கு ராம்ஸின் குவாட்டர்பேக் ஜாரெட் காஃப், ஒரு மூன்றாம் சுற்று பிக், 2022, 2023 இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று பிக்குகள். கவனியுங்கள், எத்தனையாவது இடம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ராம்ஸ் எப்படி ஆடுகிறதோ அப்படி அந்தக் கல் நகரும்.

முதல் ஆண்டே ஸ்டாஃபோர்டு தலைமையில் ராம்ஸ் சூப்பர் பவுலை வென்றது. கல் வரிசையின் வால்நுனிக்கு, 32-க்குப் போய்விட்டது. 2022 பருவத்திலோ அதே ராம்ஸ் காயங்களில் சிதைந்து தடுமாறியது. வாரம்தோறும் நாங்கள் இரண்டு ஆட்டங்கள் பார்த்தோம்: லயன்ஸ் ஜெயிக்கவேண்டும், ராம்ஸ் தோற்கவேண்டும். முதல் ஏழு ஆட்டங்களில் ஆறில் லயன்ஸும் தோற்றது வேறு கதை; அக்டோபரில் எங்கள் பேச்சு முழுக்க டிராஃப்ட். அடுத்த பத்தில் எட்டை ஜெயித்தார்கள்; டிசம்பரில் பேச்சு பிளேஆஃபுக்கு மாறியது.

இரண்டு பேச்சும் ஜனவரி 8 அன்று ஒரே ஆட்டத்தில் வந்து முட்டிக்கொண்டன. ராம்ஸ் ஜெயித்தால் எங்களுக்கு பிளேஆஃப் கதவு திறக்கும், ஆனால் அவர்கள் 6-11 ஆகி அந்த பிக் ஓரிடம் பின்னால் நழுவலாம். ராம்ஸ் தோற்றால் கதவு சாத்தப்படும், 5-12 கணக்கில் ஆறாவது பிக் எங்களுக்கு. மைத்துனன் கேட்ட "எதற்கு எது" என்பதற்கு விடை இதுதான். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டிருந்தால் எந்த லயன்ஸ் ரசிகனும் யோசிக்காமல் பிளேஆஃப் என்றிருப்பான். இலவு காத்த கிளிகள் நாங்கள். அன்று வரை, பிளேஆஃபில் கடைசியாக ஓர் ஆட்டம் ஜெயித்தது 1992 ஜனவரியில்.

சுருக்கிச் சொன்னால்: பிளேஆஃபும் டிராஃப்டும் ஒரே பட்டியலை இரண்டு முனைகளிலிருந்து படிப்பது. ஆனால் உங்கள் பிக் உங்கள் தோல்வியால் மட்டுமல்ல, அடுத்தவர் தோல்வியாலும் வரலாம்.

வேண்டுமென்றே தோற்பார்களா?

அன்றிரவு லயன்ஸ் பேக்கர்ஸ் மைதானத்தில் ஆடியது. ஜெயித்தாலும் பயன் இல்லை என்று வீரர்களுக்குத் தெரியும். தோற்றால் டிராஃப்ட் வரிசையில் சில இடங்கள் முன்னேறலாம். 20-16 என்று ஜெயித்தார்கள். ஜெயித்தால் உள்ளே என்ற நிலையில் இருந்த பேக்கர்ஸையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது இன்னும் கூர்மையானது. 2022 ஜனவரி 9, பருவத்தின் கடைசி நாள். லயன்ஸ் வெறும் இரண்டு ஆட்டங்கள் ஜெயித்திருந்தது. அதே நிலையில் இருந்த ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அன்று இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸை 26-11 என்று கவிழ்த்தது. லயன்ஸ் தோற்றிருந்தால் முதல் பிக் எங்களுக்கு. முதல் சீடு உறுதியாகிவிட்டதால் தன் முக்கிய ஆட்டக்காரர்களைப் பாதியில் உட்காரவைத்த பேக்கர்ஸை லயன்ஸ் 37-30 என்று ஜெயித்தது. முதல் பிக் ஜாகுவார்ஸுக்குப் போனது.

ஏன் தோற்க மாட்டார்கள்? களத்தில் இருப்பவருக்கு அந்த ஏப்ரல் டிராஃப்டில் எந்தப் பங்கும் இல்லை. அடுத்த ஒப்பந்தம் அவர் இன்று ஆடும் ஆட்டத்தைப் பார்த்துத்தான் வரும். முதல் பிக்கில் வரப்போகும் இளைஞர் இவருடைய இடத்தையே எடுத்துக்கொள்ளக்கூடும். தன் நாற்காலிக்கு வேறொருவனை வரவழைக்க யார் உழைப்பார்கள்? பயிற்சியாளர் கதையும் அதுதான். தொடர்ந்து தோற்றால் அந்த பிக்கைப் பயன்படுத்தப்போவது அடுத்த பயிற்சியாளர். நிர்வாகம் நல்ல ஆட்டக்காரர்களை விற்றுவிட்டுப் பலவீனமான அணியைக் களமிறக்கலாம், அது நடக்கிறது. அந்தப் பலவீனமான அணி ஞாயிற்றுக்கிழமை முழு மூச்சாகத்தான் ஆடும்.

பிக் வேறு, ஆட்டக்காரர் வேறு

முதலிடத்தை இழந்தோமே என்ற அங்கலாய்ப்பு மூன்றரை மாதம் ஓடியது. 2022 டிராஃப்டில் ஜாகுவார்ஸ் டிராவன் வாக்கரை எடுத்தது. இரண்டாவதாக லயன்ஸ் எடுத்தது ஏடன் ஹட்சின்சன், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடிய உள்ளூர்ப் பிள்ளை. முதல் பருவத்திலேயே எதிரணிக் குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவதில் ஒன்பதரை என்ற கணக்கு. டெட்ராய்ட்டில் யாரும் அதற்குப் பிறகு முதல் பிக்கைப் பற்றிப் பேசவில்லை.

நான் முணுமுணுத்த அந்த ஆறாவது பிக் என்ன ஆயிற்று? அதை லயன்ஸ் வைத்துக்கொள்ளவே இல்லை. அரிசோனா கார்டினல்ஸுக்குக் கொடுத்து 12-ஆவது, 34-ஆவது இடங்களை முக்கியமாக வாங்கிக்கொண்டார்கள். 12-இல் ஜாமிர் கிப்ஸ். அவ்வளவு உயரத்தில் ஒரு ரன்னிங் பேக்கா, அதாவது பந்தை ஏந்தி ஓடுபவரா என்று விமர்சகர்கள் சிரித்தார்கள், நானும்தான். 34-இல் சாம் லபோர்ட்டா, முதல் பருவத்தில் 86 முறை பந்தைப் பிடித்து, தன் நிலையில் ஆடும் புதுமுகங்களில் அப்போதைய சாதனையைச் செய்தார். 2023-இல் லயன்ஸ் 12-5, முப்பது ஆண்டுக்குப் பின் டிவிஷன் பட்டம். பிளேஆஃபின் முதல் ஆட்டத்தில் எதிரே வந்து நின்றது யார் தெரியுமா? ஸ்டாஃபோர்டும் ராம்ஸும். 24-23. பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் குளிரில் வாசலுக்கு வந்து கத்தினார்.

2024 ஜனவரி 28 அன்று என்எஃப்சி இறுதி. லயன்ஸ் குவாட்டர்பேக் காஃப், 2016 டிராஃப்டின் முதல் பிக். எதிரே சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸின் பிராக் பர்டி. 2022 டிராஃப்டில் தேர்வான 262 பேரில் 262-ஆவது ஆள். இடைவேளையில் நாங்கள் 24-7 என்று முன்னிலை. முடிவில் 34-31, ஜெயித்தது பர்டியின் அணி.

அதற்கு அடுத்த பருவத்தில் லயன்ஸ் 15-2 என்று முதல் சீடு பெற்று, பிளேஆஃபின் இரண்டாம் சுற்றில், அதாவது தன் முதல் ஆட்டத்தில், சொந்த மைதானத்திலேயே வாஷிங்டனிடம் 45-31 என்று தோற்றது. அந்தச் சுற்றில் தோற்ற நான்கு அணிகளில் அதிகம் ஜெயித்தது நாங்கள்தான். ஆட்டம் முடிந்து பத்து நிமிடம் இருக்கும், ஊரில் பொழுது விடிந்திருந்தது, மைத்துனனிடமிருந்து ஒரே வரியில் செய்தி வந்தது: "அப்படியென்றால் இருபத்தெட்டா, அத்தான்?"